வளர்பிறை ரொட்டி

குருவாசான் என்ற சொல்லை நான் முதலில் கற்றது இலக்கண வகுப்பில். பிரெஞ்சில் ‘குருவாத்ர்’ என்றால் வளர்வது. அதிலிருந்து வந்தது குருவாசான், அதாவது வளர்ந்துகொண்டிருப்பது. வளர்பிறைக்கும் அதே பெயர்தான். ‘குருவார்’ என்று இன்னொரு வினைச்சொல் உண்டு. அதற்கு நம்புவது என்று பொருள். ‘நான் வளர்கிறேன்’, ‘நான் நம்புகிறேன்’ இரண்டையும் வாயால் சொன்னால் ஒரே ஓசை. எழுதும்போது மட்டும் வளர்கிறவனுடைய எழுத்தின் தலையில் சின்னத் தொப்பி போல ஒரு குறி போட வேண்டும். அதை விட்டால் வாத்தியார் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இது மறந்திருக்காது.

அந்தப் பெயரில் ஒரு தின்பண்டம் இருப்பது பாடப் புத்தகத்துப் படத்தில் பார்த்துத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் நீள ரொட்டிதான். விடியற்காலையில் ரொட்டிக் கிடங்கிலிருந்து சைக்கிளில் பெட்டி வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். சூடு ஆறாத ரொட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். அதைக் காப்பியில் தோய்த்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்போடு. அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் முத்தியால்பேட்டைத் தெரு திரும்புகிற இடத்தில் ஒரு புதுக் கடை வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, பின்னால் அடுப்பறை. நடத்துவது இதே தெருவில் பிறந்து வளர்ந்த பெண். அவளுடைய தாத்தா தறி நெய்தவர். அவள் கேட்டரிங் படித்து, சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் நாலு வருஷம் பேஸ்ட்ரி போட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, சுற்றுலாக்காரர்கள் நடமாடும் இடத்தில் கடை போட்டிருந்தால் வியாபாரம் இன்னும் நன்றாக நடக்கும். அங்கே கேட்கிற வாடகைக்கு அவளால் கட்டுப்படியாகவில்லை.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் சாக்கட்டியால் எழுதுகிறாள். கருப்பட்டி குருவாசான், தேங்காய்ப் பூரணம் வைத்தது, மட்டன் சுக்கா வைத்தது, எள்ளும் வெல்லமும் தூவினது. மஃபின் அச்சில் குருவாசான் மாவைச் சுருட்டி வைத்துச் சுடுவதற்குக் கிரஃபின் என்று பெயர். அதற்குள் பலாப்பழக் காலத்தில் பலாப்பழ ஜாம். இதெல்லாம் 110 ரூபாயிலிருந்து 140 வரை. எல்லாவற்றுக்கும் கீழே, இடமிருந்தால் எழுதுவோம் என்பது போல, ‘வெறும் குருவாசான் 70’ என்று ஒரு வரி.

இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

கடை திறந்த புதிதில் எதிர்வீட்டு நண்பர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஒரு வெறும் குருவாசானைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “உள்ளே ஒன்னுமே இல்லாததுக்கு எழுவது ரூபாயா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதைப் பிய்த்தால் உள்ளே இருப்பது தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகக் காற்று. அந்தக் காற்றை உள்ளே கொண்டுவருவதற்கு அவள் படும் பாட்டைப் பார்த்த பிறகு எனக்கு 70 ரூபாய் அதிகமாகத் தெரியவில்லை.

அந்தப் பாடு என்ன என்று சொல்கிறேன். மைதா, பால், சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை முந்தின நாளே குளிரில் வைத்துவிட வேண்டும். பிறகு ஒரு கிலோ மைதாவுக்கு அரை கிலோ வெண்ணெய் என்ற கணக்கில், வெண்ணெயைப் பலகை போலத் தட்டி, மாவுக்குள் வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, மூன்றாக மடிக்க வேண்டும். அரை மணி நேரம் குளிரில் ஓய்வு. மறுபடி தேய்த்து மூன்று மடிப்பு. மறுபடி ஓய்வு. மூன்றாம் தடவையும் அப்படியே. மூன்று மூன்று ஒன்பது, ஒன்பது மூன்று இருபத்தேழு. மாவுக்கு நடுவே இருபத்தேழு அடுக்கு வெண்ணெய், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். அடுப்பில் வைத்ததும் வெண்ணெயில் இருக்கும் நீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கிவிடும். ஈஸ்டும் தன் பங்குக்கு உப்ப வைக்கும். அடுக்குகள் விலகி நிற்பது இப்படித்தான்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. வெண்ணெய் 32, 35 டிகிரியில் உருகி ஓடிவிடும். இருபதைத் தாண்டினாலே தளர ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசியில் நம் புதுச்சேரி வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணெய் மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு போய்விடும். வெறும் வெண்ணெய் ரொட்டிதான் கிடைக்கும். அதற்காக அவள் ராத்திரி இரண்டு மணிக்கு ஏ.சி. போட்ட அறையில் மாவு தேய்க்கிறாள். பிரான்சில் அடுக்கு மாவுக்கென்றே 84 சதவீதம் கொழுப்புள்ள வெண்ணெய் விற்கிறார்கள். நம் கடைகளில் கிடைப்பது சாதாரணமாக 80 சதவீதம். நாலு சதவீதம்தானே என்று தோன்றும். அந்த நாலு சதவீதம் தண்ணீரால் வெண்ணெய் சீக்கிரம் குழைந்துவிடுகிறது என்கிறாள்.

நான் தினம் காலை நடைப்பயிற்சி முடிந்து அங்கே நிற்பேன். 37 வருஷம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவன்; அதில் பாதிக் காலம் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதிக் கொடுக்கிற வேலை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லி, அவளுடைய வரவு செலவு நோட்டு என் கைக்கு வந்து சேர்ந்தது. வாரம் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிக் கழித்துக் கொடுக்கிறேன். சம்பளம் ஒரு வெறும் குருவாசான்.

போன கார்த்திகையில் அந்த நோட்டில்தான் பிரச்சினை தெரிந்தது. கருப்பட்டியும் சுக்காவும் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகின்றன. வெறும் குருவாசான் நாளைக்கு 20 போட்டால் சராசரி 8 போகிறது. சில நாள் மூன்று, சில நாள் பதினைந்து, நிச்சயமில்லை. ஒன்றுக்கு அடக்கவிலை 32 ரூபாய். இருபதுக்கும் 640 செலவு. எட்டு விற்று வருவது 560. தினம் 80 ரூபாய் நஷ்டம். மிஞ்சுகிற பன்னிரண்டின் அடக்கவிலையை மட்டும் மாதக் கணக்கில் கூட்டினால் 11,520. கடை வாடகை 12,000. நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“நிறுத்திடலாம்னு பாக்கறேன் தாத்தா,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, “ஆனா ஒன்னு. உள்ள கருப்பட்டி வச்சுட்டா அடுக்கு சரியா வந்துதா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாமப் போயிடும். வெறும் அதுல தப்பு பண்ணா அடுத்த நிமிஷம் தெரிஞ்சிடும்” என்றாள்.

அவள் சொன்னது மனதில் தங்கிவிட்டது. புதுசு புதுசாக எதை வைத்துச் சுட்டாலும் சுற்றியிருப்பது அதே மாவு. தேங்காய்ப் பூரணத்தை ஈரம் போக வதக்கி வைக்காவிட்டால் அடுக்கு அமுங்கிவிடும் என்பதை அவள் கற்றுக்கொண்டதும், ஒரு முறை தக்காளித் தொக்கு வைத்துப் பார்த்து ஒரு தட்டு முழுவதும் சொதசொதவென்று போனதும், எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோல் பக்கத்துத் தட்டில் இருந்ததால்தான். அளவுகோலை நிறுத்திவிட்டு அளந்துகொண்டிருக்க முடியுமா?

இந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் வந்தார்.

அண்ணனைப் பற்றிச் சில வரிகள் சொன்னால்தான் விஷயம் விளங்கும். 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நான் சிறுவன், அப்பா எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அண்ணன் வயதுக்கு வந்தவர். எழுதிக் கொடுத்தார், பட்டாளத்தில் சேர்ந்தார், போய்விட்டார். ஒரே வீட்டில் இரண்டு தேசம் என்பது இந்த ஊரில் புதுக்கதை இல்லை. இப்போது பாரிசுக்கு வெளியே மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைக் கடந்துவிட்டார். குளிர்காலத்தில் இரண்டு மாதம் இங்கே வந்து தங்குவார்.

கரும்பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார். கருப்பட்டி வைத்ததில் ஒரு கடி கடித்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது குருவாசான் இல்லடா. குருவாசான் வேஷம் போட்டிருக்கு” என்றார். வெறும் குருவாசானைத் தின்றுவிட்டு, “இதுதான். இத வச்சுக்கிட்டு எதுக்கு மத்ததெல்லாம்? எதையும் கலக்காம அதது அததா இருக்கணும்” என்றார்.

நான் விடவில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, கலக்காத குருவாசான் எங்கே இருந்தது என்று சொல்லு அண்ணே என்று ஆரம்பித்தேன். அது பிரான்சில் பிறந்ததே இல்லை. வியன்னாவில் ‘கிப்ஃபெர்ல்’ என்று பிறை வடிவத்தில் ஒரு ரொட்டி, பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. துருக்கியர் 1683-இல் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றபோது, அவர்கள் கொடியில் இருந்த பிறையைக் கேலி செய்ய ரொட்டிக்காரர்கள் சுட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை அழகானது, அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லாதது. 1830-களின் கடைசியில் ஆகஸ்ட் ஸாங் என்ற ஆஸ்திரிய முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி பாரிசில் ரிஷ்லியே வீதியில் வியன்னா ரொட்டிக்கடை திறந்தார். அங்கிருந்து பரவியதுதான். அவர் பிறகு வியன்னாவுக்குத் திரும்பி 1848-இல் ஒரு செய்தித்தாள் தொடங்கி அதில் பெரிய ஆளானார் என்பது வேறு விஷயம். அவர் கடையில் விற்றதிலும் இந்த வெண்ணெய் அடுக்கு கிடையாது. அடுக்கு மாவில் சுடுகிற குருவாசான், அண்ணன் ‘அசல்’ என்று சொல்கிற அந்தக் குருவாசான், பிரெஞ்சு ரொட்டிக்காரர்கள் கையில் உருவாகி இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அந்த ஊர்க்காரர்களே இந்த வகைப் பண்டங்களுக்கு இன்றும் ‘வியன்னுவாசெரி’, வியன்னாச் சரக்கு என்றுதான் பெயர் சொல்கிறார்கள்.

“இப்ப பாரிசிலயே கலக்கறாங்களே,” என்றேன். 2013-இல் நியூயார்க்கில் தொமினிக் ஆன்செல் என்ற பிரெஞ்சுப் பேஸ்ட்ரிக்காரர் குருவாசான் மாதிரி அடுக்கு மாவை டோனட் போல எண்ணெயில் பொரித்துக் ‘குரோனட்’ என்று விற்றார். விடியற்காலையிலிருந்து வரிசை நின்றது. பாரிசிலேயே ஒரு கடையில் குருவாசானுக்குள் குக்கி மாவை வைத்துச் சுட்டு ‘குரூக்கி’ என்று விற்கிறார்கள். அண்ணன், “அதெல்லாம் சின்னப் பசங்க வேலை” என்று சொல்லிவிட்டார். சரி, நம் ஊர்க் கிறிஸ்துமஸ் விவிக்கம் கேக்? ரவை நம்முடையது, நெய் நம்முடையது, ரம் அவர்களுடையது. பக்கத்து வீட்டம்மா கொடுத்தனுப்பினால் யார் பங்கு பெரிசு என்று நாம் சண்டை போடவில்லையா? “அது வேற,” என்றார்.

அவருக்கு எது உறுத்தியது என்று எனக்குப் புரியாமல் இல்லை. பேரப் பிள்ளைகளுக்குத் தமிழில் நாலு வார்த்தை தெரியும். அங்கே கலந்து கலந்து தன்னுடையது கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், இங்கே வந்தாலாவது எல்லாம் அதது அததாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

மறுநாள் கடையில் அவரே வழி காட்டினார், தெரியாமலே. பாரிசுக்காரப் பெருமையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தான் வாங்குவது எப்போதும் பாதாம் குருவாசான்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று அவள் கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பெரியவர் வாயால் கேட்க ஆசைப்பட்டாள் என்று நினைக்கிறேன். அண்ணன் கையை ஆட்டி ஆட்டி விவரமாகச் சொன்னார். முந்தின நாள் விற்காமல் மிஞ்சியதை இரண்டாகப் பிளப்பார்கள். சர்க்கரைப் பாகில் நனைப்பார்கள். பாதாம் பொடி, வெண்ணெய், சர்க்கரை, முட்டை சேர்த்துக் குழைத்ததை உள்ளேயும் மேலேயும் தடவி, சீவின பாதாமைத் தூவி, மறுபடி அடுப்பில் வைப்பார்கள்.

“அப்ப பெரிய தாத்தா, உங்க ஊர்லயும் மிச்சத்த வச்சுத்தான் புதுசு பண்றாங்க,” என்றாள் அவள், சிரிக்காமல்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பருப்பு மட்டும் நல்லதா இருக்கணும்” என்றார்.

பாதாம் விலை கட்டாது. ஆனால் பண்ருட்டி நமக்கு எவ்வளவு தூரம்? உடைந்த முந்திரி கிலோ என்ன விலை என்று அன்று மத்தியானமே விசாரித்தோம். முதல் நாள் முந்திரி விழுதில் எண்ணெய் விட்டுக்கொண்டு வழிந்தது. அரைக்கும்போது சூடேறாமல், சர்க்கரையோடு சேர்த்து விட்டு விட்டு அரைக்க வேண்டும் என்று இரண்டாம் நாள் பிடிபட்டது. பாகில் ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டாள். இரண்டு நாளும் ருசி பார்த்துவிட்டு அண்ணன் சொன்னது ஒரே வார்த்தை: “சக்கர ஜாஸ்தி.” மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைக் கேட்டு வாங்கினார்.

இப்போது நோட்டில் கணக்கு மாறியிருக்கிறது. மிஞ்சுகிற வெறும் குருவாசான் மறுநாள் முந்திரிக் குருவாசானாகி 120 ரூபாய்க்குப் போகிறது. விழுது, பாகு, இரண்டாம் முறை அடுப்புச் செலவு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 30 ரூபாய் கூடுதல். எத்தனை மிஞ்சினாலும் நஷ்டமில்லை. அதனால் வெறும் குருவாசான் பலகையில் இருக்கிறது. அவள் கண்ணுக்கு அளவுகோலும் இருக்கிறது. ‘வெறும்’ என்று எழுத வேண்டாம், ‘சாதா’ என்று எழுது, கேட்கிறவர்களுக்கு உறுத்தாது என்று யோசனை சொன்னேன். அவள் ஏற்கவில்லை.

புதுசாகச் செய்கிறவர்களைப் பார்த்து நம் வயதுக்காரர்கள் முகம் சுளிப்பதும், பழசைப் பார்த்து இளைஞர்கள் கொட்டாவி விடுவதும் எல்லா ஊரிலும் இருக்கிறது. இந்தச் சின்னக் கடையில் நான் பார்த்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று சோறு போடுகின்றன என்பதைத்தான். கருப்பட்டி விற்கிற காசில் வெறும் குருவாசான் பிழைக்கிறது. வெறும் குருவாசானைத் தினமும் சுட்டுப் பார்ப்பதால் கருப்பட்டிக்கு அடுக்கு நிற்கிறது. பெயரிலேயே வளர்வது என்று வைத்துக்கொண்டிருக்கிற ஒரு பண்டத்தை இதோடு நில் என்று சொல்ல யாருக்கு அதிகாரம்?

அண்ணன் தை முடிந்ததும் கிளம்பிப் போனார். அடுத்த குளிருக்கு விமானத்தில் இவ்வளவு தூரம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஞாயிறு தவறாமல் போன் செய்கிறார். முன்பெல்லாம் முதல் கேள்வி என் சர்க்கரை அளவாக இருக்கும். இப்போது, “வெறும் அது நேத்து எத்தன போச்சு?” என்று கேட்கிறார். நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். போன வாரம் ஒரு நாள் 17 என்றபோது, தன் கடையில் விற்றது போலச் சந்தோஷப்பட்டார்.

நம் பக்கத்து நண்பர்கள் போக நினைத்தால் ஒரு தகவல். வெறும் குருவாசான் காலை ஏழு மணிக்கு அடுப்பிலிருந்து வரும்; எட்டு மணிக்குள் தின்றால்தான் மொறுமொறுப்பு. முந்திரி வைத்தது சாயங்காலம் நாலு மணிக்கு. அதில் முட்டை உண்டு. வெறும் குருவாசானுக்கு மேல் பூச்சில்தான் முட்டை. முந்தின நாளே சொன்னால் பால் தடவிச் சுட்டுக் கொடுப்பாள். கடையில் நாற்காலி கிடையாது. முட்டி வலி இருப்பவர்கள் வீட்டுக்கு வாங்கிப் போய்விடுவது நல்லது.